ஏஏ மீட்டிங்ல என்னைக் கொண்டுபோய் உக்கார வச்சவங்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர்ல ஸ்ரீராம்புரம் பக்கம் இருக்கேன், பீன்யால ஒரு மெஷின் ஷாப்ல வேலை. குடிய நிறுத்தணும்னு நெனைக்கிறவங்க ஒண்ணா உக்காந்து பேசிக்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) மீட்டிங்குக்கு நான் போய்ச் சேர உதவினவங்க நிறைய பேர், அவங்களுக்கு நன்றி சொல்லத்தான் இத எழுதறேன். யார் பேரும் போட மாட்டேன், வெளில பேர் சொல்லக்கூடாதுன்னு அங்க கட்டுப்பாடு இருக்கு, ஆனா படிச்சா நீங்கதான்னு உங்களுக்கே புரியும்.

எங்க தெரு மெடிக்கல் ஷாப் அண்ணா, உங்ககிட்டேர்ந்து ஆரம்பிக்கறேன். இன்னைலேர்ந்து குடிய விட்டுடறேன் தூக்க மாத்திரை மட்டும் குடுங்கண்ணானு நான் வந்து நின்னப்ப, என் கை நடுங்கறத பாத்துட்டு மாத்திரை கிடையாது மொதல்ல டாக்டர பாருன்னு சொன்னீங்க. தினம் காலைலேர்ந்தே குடிக்கிறவன் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள்ல ஜன்னி கண்டு ஆள் அடையாளம் தெரியாம பேசுவான், உயிரே போகலாம்னு நீங்க சொன்னத அப்பறம் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி டாக்டரும் அப்படியே சொன்னாங்க. அங்க அட்மிட் பண்ணி, பி1 வைட்டமின் ஊசி போட்டு, மாத்திரைய கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு எறக்கினாங்க. இத படிக்கிறவங்க வீட்ல இப்டி யாராவது இருந்தா தயவுசெஞ்சு ரூம்ல பூட்டி வச்சு நிறுத்தப் பாக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க.

அதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி என் வீட்டுக்காரி 14416க்கு போன் பண்ணிருக்கா, 2022ல கவர்மென்ட் மனநல உதவிக்குன்னு ஆரம்பிச்ச டெலி மானஸ் நம்பர், காசு கிடையாது. எடுத்த பொண்ணு தமிழ்லயே பொறுமையா பேசி, இது வியாதிம்மா, வைத்தியம் இருக்குன்னு சொல்லிருக்காங்க. தங்கச்சி, நீ யாருன்னே எங்களுக்குத் தெரியாது, நல்லா இரும்மா.

வார்டுல சோஷியல் ஒர்க்கர் மேடம் டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஒரு சீட்டுல ஒரு நம்பர் எழுதிக் குடுத்தாங்க, மருந்து உடம்புக்கு, வெளில போனப்பறம் பேச ஆள் வேணும்ல, தமிழ்லயே மீட்டிங் நடக்குது போங்கன்னு. அந்த நம்பர்ல பேசினவர்தான் எங்க பெரியண்ணன். அல்சூர்ல ஒரு சர்ச் ஹால்னு சொன்னதும் நான் சாமி கும்பிடறவன் அங்க எப்படிண்ணானு இழுத்தேன், ஹாலுக்கு நாம வாடகை குடுக்கறோம் தம்பி, மதத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, குடிய நிறுத்தணும்னு ஆசை இருந்தா போதும், நான் கேட்டுக்கிட்ட நிக்கறேன்னார்.

நின்னார். நான் உள்ள போக தைரியம் இல்லாம ஏரிக்கரைப் பக்கமே சுத்திச் சுத்தி வந்து, தெரிஞ்சவன் எவனாவது பாத்துட்டா என்ன பண்றதுன்னு பயந்து பயந்து, ரொம்ப லேட்டாத்தான் போனேன். அப்பவும் அதே எடத்துல நின்னுட்டு இருந்தார். ஏன் லேட்டுன்னு கேக்கல, சாப்டியா தம்பின்னுதான் கேட்டார். அண்ணே, அந்த ஒரு வார்த்தைக்கு நான் உங்களுக்கு எவ்ளோ கடன்பட்டிருக்கேன்னு சொல்லத் தெரியல.

உள்ள பிளாஸ்டிக் சேர், கட்டஞ்சாயா, ஒரு பத்துப் பதினஞ்சு பேர். ஒவ்வொருத்தரா பேர் சொல்லி நான் ஒரு குடிநோயாளின்னு ஆரம்பிச்சு பேசறாங்க. யார் என்ன பேசினாங்கன்னு எழுத மாட்டேன், அங்க கேட்டது அங்கயே இருக்கணும். எனக்கு வாய் வரல, பேரு மட்டும் சொன்னேன், எல்லாரும் வணக்கம்னாங்க. எவ்ளோ குடிப்ப, எத்தன வருஷம், குடும்பம் என்னாச்சு, ஒரு கேள்வி இல்ல. காசு போடற பை சுத்தி வந்தப்ப பர்ஸ எடுத்தேன், பக்கத்துல இருந்த அண்ணா, புதுசா வந்தவங்க போட வேணாம்னு என் கைய மெதுவா தள்ளி விட்டீங்க.

முடிஞ்சதும் பெரியண்ணன்கிட்ட ரொம்ப நன்றிண்ணேனு கைய புடிச்சேன். நான்தான் உனக்கு நன்றி சொல்லணும், நீ வந்ததால நானும் இன்னைக்கு குடிக்காம இருக்கேன்னார். எனக்கு வெளங்கல. அப்பறம் அவரே சொன்னார், 1935ல அமெரிக்காவுல ஆக்ரன்னு ஒரு ஊர்ல, நியூயார்க்லேர்ந்து வந்த ஷேர் மார்க்கெட்காரர் ஒருத்தர், குடிச்சிடுவோமோன்னு பயந்து இன்னொரு குடிகாரரத் தேடிப் போய்ப் பேசினாராம், அவர் ஒரு சர்ஜன், அப்டித்தான் இது ஆரம்பிச்சிச்சாம். எல்லாம் சரிண்ணே. நீங்க வேணாம்னாலும் நான் சொல்லத்தான் சொல்லுவேன்.

அல் அனான் அக்காவ விட்டுட்டா என் வீட்டுக்காரி என்னை விட மாட்டா. அது குடிக்கிறவங்க குடும்பத்துக்குன்னு தனியா நடக்கற மீட்டிங். அக்கா, அவர் குடிச்சதுக்கு நீ காரணம் இல்ல, அத உன்னால கன்ட்ரோலும் பண்ண முடியாதுன்னு அவகிட்ட சொன்னீங்களாம். எத்தனையோ வருஷமா எங்க சொந்தக்காரங்க அவளத்தான் கொற சொன்னாங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்து நல்லா அழுதுட்டு படுத்து நிம்மதியா தூங்கினா.

கடைசியா எங்க சூப்பர்வைசர் சார். மீட்டிங் இருக்கற நாள்ல செகண்ட் ஷிப்ட் வேணாம் சார்னு கேட்டேன், காரணம் சொல்லல, நீங்களும் கேக்கல, மாத்திக் குடுத்துட்டீங்க. இந்த வாரம் நேர்ல வந்து காரணத்த சொல்றேன் சார்.