காற்றையும் எழுதுங்கள்: டர்பன் வீட்டுத் தரகர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென் டர்பனில் வீடு விற்றுத் தரும் தரகர்களுக்கும், வீட்டை விற்றுவிட்டு வேறு பக்கம் போய்விடலாம் என்று யோசிக்கும் நம் ஆட்களுக்கும்,

வணக்கம்.

மியர்பேங்கில் இருக்கும் எங்கள் வீட்டை விற்க மூன்று மாதமாக அலைகிறோம். என் மாமனார் மாதாமாதம் தவணை கட்டி வாங்கிய வீடு. நிறவெறிக் காலத்தில் இனவாரியாக ஊரைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் பழைய இடத்தை இழந்து வந்த குடும்பம் என்பதால், அத்தைக்கு இன்னொரு முறை வீடு மாறுவது லேசான காரியம் இல்லை. ஆனால் பேரன் ராத்திரியில் ஆஸ்துமா பம்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்க ஆரம்பித்த பிறகு அவரேதான் "வித்துடலாம்மா" என்றார்.

வீடு பார்க்க ஆட்கள் வருவதற்கு முதல் நாள் எங்கள் தரகர் போன் செய்தார். காலையில் வேண்டாம், மதியம் கடற்காற்று எழுந்த பிறகு கூட்டி வருகிறேன், அதற்குள் ஜன்னல் விளிம்பையெல்லாம் துடைத்துக் கொஞ்சம் சாம்பிராணி போட்டு வையுங்கள் என்றார். மாமனார் திதிக்குப் போடுகிற சாம்பிராணி! சரி என்று துடைத்தேன். ஜூன் மாதம், முந்தின நாள்தான் துடைத்த இடம், ஆனாலும் வெள்ளைத் துணி ஒரே இழுப்பில் கறுத்துப்போனது. சாதாரணத் தூசி மாதிரி அது உதறினால் போகாது, விரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டும்.

வந்தவர்கள் சின்ன வயதுத் தம்பதி, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. குழாயைத் திறந்து பார்த்தார்கள், கம்பிக் கதவை ஆட்டிப் பார்த்தார்கள், குழந்தைக்கு எந்த அறை தோதாக இருக்கும் என்று கேட்டார்கள். அத்தை பின்னறையைக் காட்டி, "இதுதான் நல்லது, ஆனா ராத்திரி ஜன்னலைத் திறந்து வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். தரகருக்கு முகம் மாறிவிட்டது. இப்படியெல்லாம் பேசினால் வீடு போகாது என்று வாசலில் வைத்து என்னிடம் சொன்னார். அவர்கள் திரும்ப வரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். வீடு விற்க வேண்டுமென்றால் மின்சாரச் சான்றிதழ் கேட்கிறீர்கள், இந்தக் கடற்கரைப் பக்கம் மரவண்டு இல்லை என்ற சான்றிதழும் கேட்கிறீர்கள். அப்புறம் 2022 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கும் சொத்துத் தரகர் சட்டம் வேறு. விற்பவர் குறைகளை எழுதிக் கையெழுத்துப் போட்ட படிவம் இல்லாமல் நீங்கள் வேலையை எடுக்கவே கூடாது, வாடகை வீட்டுக்கும் அதேதான். கூரை, குழாய், அஸ்திவார விரிசல், எல்லைத் தகராறு எல்லாம் அதில் உண்டு. காற்று மட்டும் இல்லை. உத்தரத்தில் வண்டு இருந்தால் சொல்லியாக வேண்டும், குழந்தையின் நெஞ்சுக்குள் போவதைச் சொல்ல வேண்டாமா?

இந்தப் பகுதியின் அமைப்பே புகை தங்குகிற மாதிரிதான். கடல் பக்கம் பிளஃப் மேடு, உள்பக்கம் பெரேயா என்கிற மேடு, நடுவில் தட்டு மாதிரி நாம். குளிர்கால ராத்திரியில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றுக்கு மேலே சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும், புகை எழும்ப வழியில்லாமல் விடியும் வரை வீடுகளுக்கு நடுவிலேயே கிடக்கும். மதியம் வீடு பார்க்க வருகிறவருக்கு இது எப்படித் தெரியும்? இங்கே ஒரு ஆரம்பப் பள்ளியில் 2000களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, ஏறத்தாழ பாதிப் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு அளவில் ஆஸ்துமா இருந்தது. அந்தப் பிள்ளைகள் இன்று வீடு வாங்குகிற வயதில் இருக்கிறார்கள்.

"அதான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் நின்றுபோச்சே" என்று சொல்வீர்கள். உண்மைதான். ஒன்று 2020 டிசம்பர் 4 வெடிப்புக்குப் பிறகு திரும்பச் சுத்திகரிக்கவில்லை, இன்னொன்று 2022இல் நின்றது. கப்பல் எரிபொருளிலும் 2020 முதல் கந்தக அளவு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. ஆனால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் குறையவில்லை. பக்கத்துக் கிளேர்வுட்டில் முன்பு தோட்டமும் வீடுமாக இருந்த இடங்களைப் போய்ப் பாருங்கள், சுற்றுச்சுவருக்குள் லாரி நிற்கிறது. டீசல் புகையின் நுண்துகள் மூக்குக்கே தெரியாது, மறைக்கச் சாம்பிராணியும் தேவையில்லை. 'வரம்புக்குள்தான் இருக்கிறது' என்ற பேச்சையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த நுண்துகளுக்கு நம் தென்னாப்பிரிக்கா வைத்த ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 20 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5.

விலை விழுந்துவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது, எங்களுக்கும் இந்த வீட்டைத் தவிர வேறு சொத்து கிடையாது. ஆனால் சொல்லாமல் விற்றால் அந்த நஷ்டம் எங்கும் போய்விடுவதில்லை, அடுத்த குடும்பத்தின் மருந்துக் கடைச் சீட்டில் போய் உட்காரும். எழுதி வைத்தால் இன்னொரு பயனும் உண்டு. நகராட்சி வீட்டுக்குப் போடும் மதிப்பு அதிகம் என்று ஆட்சேபிக்க அது கையில் ஒரு ஆதாரம். பக்கத்து மனையை லாரி நிறுத்தமாக மாற்ற விண்ணப்பம் வரும்போது, ஒரு தெருவின் இருபது வீட்டுப் படிவங்களும் ஒரே விஷயத்தைச் சொன்னால் அதை ஒதுக்கித் தள்ளுவது கஷ்டம். உடல்நலத்துக்குக் கேடில்லாத சூழல் ஒவ்வொருவருக்கும் உரிமை என்று அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் கேட்பதற்கு முதலில் நம் வீட்டில் என்ன நடக்கிறது என்று நாமே எழுதி வைத்திருக்க வேண்டும்.

படிவத்தில் காற்றுக்கென்று தனிக் கேள்வி வரும்வரை நான் காத்திருக்கப்போவதில்லை. கூடுதல் தகவலாக இதை என் கையால் எழுதியிருக்கிறேன்: "மே முதல் ஆகஸ்ட் வரை ராத்திரியும் விடிகாலையும் புகை தங்கும். பின்னறை ஜன்னலை மூடி வைக்க வேண்டும். விளிம்பில் ஒரே நாளில் கரி படியும். இந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஆஸ்துமா."

அத்தையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இந்தத் தாளை அடிக்காமல் திருத்தாமல் ஒப்பந்தத்தோடு இணைக்கச் சம்மதிக்கிற தரகர் யாராயிருந்தாலும் வாருங்கள், சாவி தருகிறோம். வாங்குகிறவர்களைக் காலை ஆறு மணிக்கே கூட்டி வாருங்கள்.