விளக்கேற்றாத தெருவுக்கு

பள்ளத்துத் தெரு மக்களுக்கு வணக்கம். அன்று கவிழ்ந்த சமையல் கேஸ் டேங்கரை ஓட்டி வந்தவன் நான்தான். கையில் கட்டு. நான் சொல்லச் சொல்ல மகன் டைப் அடிக்கிறான்.

விடிய விடியத் தண்ணீர் பீய்ச்சிய தீயணைப்புக்காரர்கள், யாரும் சொல்லுமுன்னே கரண்டை நிறுத்திய லைன்மேன், ரோட்டை இரண்டு பக்கமும் மறித்த போலீசார், வால்வை அடைத்து மிச்ச கேஸை வேறு வண்டிக்கு மாற்றிய பிளாண்ட் ஆட்கள், கிரேன்காரர், எல்லோருக்கும் கும்பிடு.

ஆனால் அந்தப் பாட்டி. கார்த்திகை தீபம், பொழுது சாயும் நேரம். வாசல்தோறும் எண்ணெய் ஊற்றித் திரி போட்ட அகல்கள். ரோட்டோரம் கிடந்து "நெருப்பு வேண்டாம்" என்று கத்தினேன். குரல் எழும்பவில்லை. பாட்டிக்கு மட்டும் கேட்டது. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு வீடு வீடாக இறங்கிவிட்டார். "இன்னைக்கு விளக்குப் பத்த வெக்க வேண்டாஞ்சாமி. கடவுள் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு." ஒரு வீட்டில் தீப்பெட்டியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

கேஸ் காற்றைவிடக் கனம். தண்ணீர் மாதிரி பள்ளம் தேடித்தான் போகும். உங்கள் தெரு ரோட்டைவிட ஓர் ஆள் மட்டம் கீழே. 2012-இல் கண்ணூர் பக்கம் சாலாவில் டிவைடரில் மோதிய கேஸ் டேங்கர் 20 உயிரைக் கொண்டுபோனது. நாமக்கல்லில் அதைப் பேசாத டேங்கர் டிரைவர் கிடையாது.

நானும் பேசியவன்தான். டேங்கில் கேஸ் விரிய இடம் விட்டுத்தான் நிரப்புவார்கள். வளைவில் வேகமாகத் திருப்பினால் உள்ளே திரவமாக இருக்கும் கேஸ் அலையடித்து வண்டியையே ஒரு பக்கம் தள்ளும். தெரிந்தும் திருப்பினேன். இரண்டு ராத்திரி தூக்கமில்லை, மாற்றி ஓட்ட ஆளில்லை. இனி இன்னொரு டிரைவர் இல்லாமல் ராத்திரி லோடு எடுப்பதில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். வேறு ஆளைப் பார்க்கிறேன் என்கிறார். பார்க்கட்டும்.

பாட்டி, உங்கள் பேரைக்கூடக் கேட்கவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் சட்டைப் பையில் எதையோ திணித்தீர்கள். காசு என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா எடுத்துக் காட்டினார், கார்த்திகைப் பொரி உருண்டை. பாதி நொறுங்கியிருந்தது. ஒரு பொரி விடாமல் தின்றேன்.