கூட்டைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடஆப்பிரிக்கப் பைப்புழு அந்துப்பூச்சி (இதன் புழு குச்சிகளை ஒட்டிப் பைபோல் கூடு கட்டி அதற்குள்ளேயே வாழும்) பற்றிச் சென்ற வாரம் உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். படம் அருமை. ஆனால் கூட்டின் வடிவத்தை வைத்தே சிற்றினத்தைச் சொல்லிவிடலாம் என்று போட்டிருந்தீர்களே, அதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

1984-இல் என் கணவருக்கு அல்ஜீரியாவில் ஆசிரியர் வேலை கிடைத்து, பிஸ்க்ராவில் மூன்று வருடம் இருந்தோம். வீட்டு வேலியோரச் சிறுசவுக்குப் புதரில் ஐந்து கூடுகள் தொங்கின. நம்மூர்க் கருவேல மரத்தில் தொங்கும் கூட்டில் குச்சிகள் நீளவாக்கில் ஒட்டியிருக்கும். இதிலோ, விறகுக்கடையில் அடுக்கியதுபோல் குறுக்கும் நெடுக்குமாக, நாலு பட்டையாக. ஊரிலிருந்து கொண்டுபோன ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயில் மஸ்லின் துணி கட்டி வைத்தேன்.

இரண்டிலிருந்து ஆண் பூச்சி வந்தது. கூட்டின் கீழ்முனையில் கூட்டுப்புழுத் தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மற்றவற்றிலிருந்து ஒன்றும் வரவில்லை. பொறுமையிழந்து ஒன்றைப் பிளேடால் கீறினேன். உள்ளே பெண்: இறக்கை இல்லை, கால் என்று சொல்ல ஒன்றுமில்லை, முட்டை நிறைந்த ஒரு பை, அவ்வளவுதான். அவள் கூட்டைவிட்டு வரவே மாட்டாள். ஆண்தான் தன் வயிற்றைக் குழாய்போல் நீட்டிக் கூட்டுக்குள் விட்டுச் சேர வேண்டும்.

அடையாளம் காண ஆணைத்தான் பார்க்க வேண்டும் என்றாலும், அதன் இறக்கையை நம்ப முடியாது. பாட்டிலுக்குள் படபடத்தே செதிலெல்லாம் உதிர்ந்து, புகை படிந்த கண்ணாடிபோல் ஆகிவிட்டது. உணர்கொம்பின் கணுக்களை எண்ணினேன். சீப்புப் பல்போல் இரு பக்கமும் கிளை, தொட்டால் ஒடியும். முன்காலில் இலைபோன்ற சிறு முள், இறக்கை நரம்புகள் என்று பார்த்து, அமிக்டா என்னும் பேரினம் வரை வந்தேன். அதற்கு மேல் சிற்றினம் வரை போக, வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டும்; அதற்கு வயிற்றை வெட்டியாக வேண்டும்.

வெட்டிய வயிற்றை 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டுச் சூடுபடுத்தினால் சதை கரைந்து, பூச்சியின் கெட்டியான மேலோட்டுப் பொருளான கைட்டின் மட்டும் மிஞ்சும். முதல் பூச்சியில் அவசரப்பட்டேன். அடுப்பில் பால் பொங்கியதைப் பார்க்கப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் குழைந்து, எது எங்கே என்றே தெரியவில்லை. இரண்டாவதை அடுப்புப் பக்கமே கொண்டுபோகவில்லை. இரவு முழுவதும் ஊற வைத்து, மயிர்த்தூரிகையால் செதிலைத் துடைத்தேன். பெண்ணைப் பற்றிக்கொள்ளும் இரண்டு மடல்கள், மடலின் கீழோரத்து முனையில் முட்கள், நடுவில் குழாய்போன்ற ஆணுறுப்பு, உள்நோக்கி நீளும் பை எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. இவற்றின் நீளமும் விகிதமும் வளைவும்தான் சிற்றினத்தைப் பிரிக்கும். வெளியே ஒரே அச்சாக இருக்கும் இரண்டு பூச்சிகள் இங்கே பிரிந்துவிடும்.

நத்தைக்கூடு மாதிரியே சுருண்ட, அப்டெரோனா என்னும் இன்னொரு பைப்புழுப் பேரினத்தின் கூடு போன்ற ஓரிரண்டை வேண்டுமானால் பார்த்தவுடன் சொல்லலாம், மறுக்கவில்லை. நாலு பட்டைக் கூடு அப்படியில்லை. வேறு செடியில் விட்டால் அதே புழு கட்டும் கூட்டின் முகமே மாறிப்போகும்.

சரி, உறுப்பைப் பார்த்தாகிவிட்டது, பெயர்? மூல மாதிரியோடு, அதாவது அந்தச் சிற்றினத்துக்கு முதலில் பெயர் வைத்தபோது ஆதாரமாகக் கொண்ட பூச்சியோடு, ஒப்பிட வேண்டும். ஆங்கிலேய விலங்கியல் சேகரிப்பாளர் வால்டர் ராத்ஸ்சைல்டு அல்ஜீரியாவில் சேகரித்த அந்துப்பூச்சிகள், 1937-இல் அவர் இறந்தபின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. பிஸ்க்ராவிலிருந்து லண்டன் போக யார் டிக்கெட் எடுத்துத் தருவார்?

அடுத்த முறை வெறும் கூட்டின் படம் போட்டால், 'பைப்புழுக் குடும்பத்தைச் சேர்ந்தது' என்று எழுதினாலே போதும். அந்த உறுப்பை வைத்த என் ஸ்லைடும், அதே எண்ணிட்ட ஊசியில் வயிறில்லாத பூச்சியும் இன்றும் பீரோவில் இருக்கின்றன. லேபிளில் 'அமிக்டா, சிற்றினம்?' என்றுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை.