குடியாத்தத்துத் தோழிக்கு

வேலூர்

அன்புத் தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் குதிர்ந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே கத்திரி முடிந்தும் வெயில் தணியவில்லை, ராத்திரியிலும் மலைப்பாறைகள் அனலடிக்கின்றன. கணவனுக்கு எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்) வந்தபின் தாம்பத்திய உறவு கூடிவரவில்லை என்று நீ எழுதிக் கேட்ட தம்பதியின் சிக்கலுக்கும் இந்த வெயிலுக்கும் தொடர்பு உண்டு, அதனால் அதிலிருந்தே சொல்கிறேன்.

இந்த நோயில் நரம்பைப் போர்த்தியிருக்கும் மைலின் உறை கெட்டுப்போகிறது. அப்படிப்பட்ட நரம்பில், உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே தகவல் ஓட்டம் தடுமாறும். கால் துவளும், பார்வை மங்கும், தொடு உணர்வு மந்தமாகும். உடல் குளிர்ந்ததும் பழையபடி ஆகிவிடும். புதுத் தாக்குதல் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் நாளெல்லாம் உழைத்த அசதியோடு, ஓட்டு வீட்டுப் புழுக்கத்தில், ராத்திரி பதினோரு மணிக்கு முயன்றுவிட்டு ‘எல்லாம் முடிந்தது’ என்று அவர்கள் முடிவுகட்டுகிறார்கள். முதலில் நேரத்தை மாற்றச் சொல். விடியற்காலை அசதி குறைவு, அறையும் ஓரளவு ஆறியிருக்கும். அதற்கு முன் குளிர்ந்த நீரில் ஒரு குளியல், தலைமாட்டில் மின்விசிறி. மாமியார் எழுந்து வாசல் தெளிக்கிற நேரமாயிற்றே என்று அந்தப் பெண் தயங்குவாள். வீட்டுப் பெரியவர்களிடம் ‘காலையில் அவருக்குக் கை கால் நீட்டும் பயிற்சி இருக்கிறது’ என்று சொல்லட்டும். பயிற்சியும் உண்மையில் செய்யவேண்டியதுதான்.

அடுத்து, காரணத்தைப் பிரித்துப் பார். மூளையிலோ தண்டுவடத்திலோ நரம்பு பழுதானதால் விறைப்பு, ஈரப்பசை, உச்சம் குறைவது ஒரு வகை. கால் இறுக்கம், சிறுநீர்க் கோளாறு, அசதி குறுக்கே நிற்பது இன்னொன்று. மனைவி தாதியாகிப் போனாள், கணவன் நோயாளியாகிப் போனான் என்ற மனநிலை மூன்றாவது. பெரும்பாலும் மூன்றும் பின்னிக் கிடக்கும். என்றாலும் இரண்டாவதைச் சரிசெய்வது சுலபம், அங்கே தொடங்கு.

தொடைகள் இறுகிக்கொண்டால், தசையைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரையின் வேளையை உறவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வருமாறு மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். தானாக நிறுத்தவே கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தால் இறுக்கம் குறையும்.

சிறுநீர் கசியுமோ என்ற அச்சமே பாதி ஆசையைக் கொன்றுவிடும். இரண்டு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, அந்த அளவை மற்ற நேரத்தில் குடிக்கட்டும். தானே குழாய் போட்டு எடுப்பவர் சற்று முன்பு எடுத்துவிடட்டும். நிரந்தரக் குழாய் இருந்தால், பெண்கள் அதை வயிற்றின் மேல் பிளாஸ்டர் போட்டு ஒட்டலாம். ஆண்கள் இழுபடாத அளவு தளர்வு விட்டு, குறியை ஒட்டி மடித்து, மேலே ஆணுறை அணியலாம். சிறுநீர் துர்நாற்றமும் காய்ச்சலும் இருந்தால் முதலில் பரிசோதனை. தொற்று எல்லா அறிகுறியையும் கூட்டிவிடும்.

விறைப்புக்கு சில்டெனாஃபில் 50 மி.கி., ஒரு மணி நேரம் முன்பு, 24 மணி நேரத்தில் ஒரு தடவைதான். ஆம்பூர் பிரியாணிக்குப் பிறகு போட்டால் கொழுப்பு அதன் வேகத்தைக் கெடுக்கும். மாத்திரை மட்டும் போதாது, தொடுதலும் கிளர்ச்சியும் வேண்டும். இதை அவர்களிடம் அழுத்திச் சொல், பலர் படுத்துக் காத்திருந்துவிட்டு மருந்தைக் குறை சொல்கிறார்கள். நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் எடுப்பவர்கள் தொடவே கூடாது, இரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கும். நான்கு மணி நேரம் தாண்டியும் விறைப்பு இறங்காவிட்டால் அவசரப் பிரிவு. பேருந்து நிலையச் சுவர் நோட்டீஸ்களை நம்பி லேகியம் வாங்க வேண்டாம். அப்படிப்பட்ட பொருட்களில் இதே மருந்தை அளவு சொல்லாமல் கலந்திருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பெண்களுக்கு வறட்சி என்றால் தண்ணீர் அடிப்படையிலான ஜெல். ஆணுறையோடு தேங்காய் எண்ணெய் வேண்டாம், ரப்பர் கிழியும். சிறுநீர்ப்பைக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் இரண்டும் வறட்சியைக் கூட்டலாம். மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் உச்சத்தைத் தள்ளிப்போடலாம். மரத்துப்போன இடத்தில் மென்மையான தொடுதல் எட்டாது. அழுத்தமோ வைப்ரேட்டரோ எட்டலாம். வாரம் சில நாள், கால் மணி நேரம், உறவு என்ற நோக்கமே இல்லாமல் உடல் முழுவதும் தொட்டு, எது இதம், எது எரிச்சல் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளட்டும். இதம் தரும் இடம் மாறியிருக்கும், அதை இருவரும் சேர்ந்துதான் கண்டுபிடிக்க முடியும்.

குழந்தை வேண்டுமென்றால் எம்.எஸ். தடையில்லை. ஆனால் நோயுள்ளவர் அதற்கான டெரிஃப்ளுனமைடு மாத்திரை எடுத்தால், கருத்தரிப்புக்கு முன்பே நரம்பியல் மருத்துவரைப் பார்க்கவேண்டும். அந்த மருந்து நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் இரத்தத்தில் தங்கும். கொலஸ்டிரமின் என்ற இன்னொரு மருந்தைக் கொடுத்து வெளியேற்றும் முறை இருக்கிறது.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்று தயங்கினால் இங்கே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மறுவாழ்வு மையத்தைச் சொல். 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்தும் சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்த மேரி வர்கீஸ் வழிநடத்திய துறை அது. தண்டுவடம் பாதித்தவர்களைப் பார்க்கும் இடத்தில் இந்தக் கேள்வி யாரையும் திடுக்கிட வைக்காது. வரும்போது இருவரும் சேர்ந்து வரட்டும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துவரட்டும், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ளவை உட்பட.

கல்யாணத் தேதி குறித்ததும் எழுது.

அன்புடன்,
உன் தோழி