கண்மாய்ச் சங்க ஆண்டறிக்கை – பசலி 1434

தலைவர் அவர்களுக்கும், அம்பலகாரர்களுக்கும், ஆயக்கட்டு விவசாயிகளுக்கும், வலை போடும் அண்ணன் தம்பிகளுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

2024 ஜூலை முதல் 2025 ஜூன் முடிய உள்ள பசலி 1434-க்கான செயலாளர் அறிக்கை இது. மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசிக் குத்தகைப் பணம், குஞ்சு வாங்கிய செலவு, மிகைத் தண்ணீர் வழியும் கலுங்கின் வேலைக் கூலி எல்லாவற்றையும் பொருளாளர் தனியாகப் படிப்பார். அதனால் பணக் கணக்குக்குள் நான் போகவில்லை. நம் கண்மாய்க்குள் என்ன மீன் இருக்கிறது, என்ன மீன் குறைந்துகொண்டு வருகிறது என்பதை இந்த முறை கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தண்ணீர். சென்ற வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிடக் கூடுதலாகப் பெய்தது. திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கத்துக் கண்மாய்கள் பலவும் நிறைந்தன. நம் கண்மாயும் கார்த்திகையில் நிரம்பி வழிந்து மறுகால் போனது. வரத்துக்காலில் மண்டியிருந்த சீமைக்கருவேலத்தை ஆடியிலேயே வெட்டி அப்புறப்படுத்தியது பலன் கொடுத்தது; மேலக் கண்மாயின் மறுகால் தண்ணீர் தேங்காமல் வந்து சேர்ந்தது. மடை ஷட்டர் பழுதும் கரையின் தென்பகுதி அரிப்பும் சரிசெய்யப்பட்டன. நெல் அறுவடை வரை தண்ணீருக்குத் தட்டுப்பாடு வரவில்லை.

குஞ்சு விடுவதில் வழக்கமான வாக்குவாதம் இந்த ஆண்டும் வந்தது. தண்ணீர் வந்ததும் விட்டுவிட வேண்டும், அப்போதுதான் வளர நாள் கிடைக்கும் என்பது ஒரு கட்சி. மறுகால் நிற்கும் வரை பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய குஞ்சு கீழக் கண்மாய்க்குப் போய்விடும் என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது சொன்னபடிதான் செய்தோம். கலுங்கில் கம்பி வலைத் தடுப்பும் வைத்தோம். அப்புறம் கட்லா நான்கு பங்கு, ரோகு மூன்று, மிர்கால் மூன்று என்ற கணக்கில் விரல் நீளத்துக்குக் குறையாத குஞ்சுகளாகப் பார்த்து விட்டோம். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுத்தண்ணீரில், மிர்கால் அடிமட்டத்தில். ஒன்றின் தீனியை ஒன்று பறிக்காது என்பதால்தான் இந்தப் பங்கு. பெரும்பகுதி பிரான்மலைப் பண்ணையிலிருந்து வந்தது. ஆக்சிஜன் பைகளைத் தண்ணீரில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பைத்தண்ணீரும் கண்மாய்த் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு திறந்துவிட்டோம். இளைஞர்கள் பொறுமையாக நின்று இதைச் செய்தார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

பற்றாக்குறைக்கு ஒரு தனியார் வியாபாரியிடம் சொல்லியிருந்தோம். அவர் கொண்டுவந்த சரக்கில் மீசை வைத்த குஞ்சுகள் கலந்து கிடந்ததை நம் வலைக்காரப் பெரியவர் ஒருவர் முதல் பையிலேயே கண்டுபிடித்தார். வண்டியோடு திருப்பி அனுப்பிவிட்டோம். அந்த மீசைக் குஞ்சு ஆப்பிரிக்கக் கெளுத்தி. அதை வளர்க்க மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை போட்டிருக்கிறது. அது கிடைத்ததை எல்லாம் தின்னும். காற்றைச் சுவாசிக்கும். தண்ணீர் வற்றினால் ஈரத்தில் நகர்ந்து அடுத்த குட்டைக்குப் போகும். ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் கண்மாய் முழுவதும் காய்ந்தால்கூட அதை ஒழித்தோம் என்று சொல்ல முடியாது. ஊரில் யாராவது தோட்டத்துக் கிணற்றிலோ தொட்டியிலோ அதை வளர்ப்பது தெரிந்தால் தயவுசெய்து சங்கத்துக்குச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் கிணறு நிரம்பி வழிந்தால் அது வந்து சேரும் இடம் நம் கண்மாய்தான்.

இனிச் சித்திரையில் நடந்தது. தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கி, பச்சைப் பாசி கெட்டியாகக் கட்டியிருந்த நேரம். இரண்டு நாள் வானம் மூடிக் கிடந்தது, காற்றும் இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் கட்லாக்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பதாகக் காவலுக்குப் போனவர் போன் செய்தார். நாம் போய்ச் சேர்வதற்குள் கரையோரம் வெள்ளை வெள்ளையாக ஒதுங்கத் தொடங்கிவிட்டது. யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று ஊருக்குள் பேச்சு கிளம்பியது. சில பெயர்களும் அடிபட்டன. அது வேண்டாத பேச்சு என்பதை இந்தச் சபையில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

பாசி பகலில் வெயிலை வாங்கித் தண்ணீருக்கு ஆக்சிஜன் கொடுக்கும். இரவில் அதே பாசி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். வெயில் இல்லாத பகலுக்குப் பின் வரும் இரவில் இருப்பு தீர்ந்துபோகும். விடிவதற்கு முந்திய நேரம்தான் ஆகக் குறைந்த அளவு. லிட்டருக்கு ஐந்து மில்லிகிராம் இருந்தால் கெண்டை மீன் நன்றாக இருக்கும், மூன்றுக்குக் கீழே போனால் திணறும். அன்று விராலும் குரவையும் சாகவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவை மேலே வந்து காற்றையே குடிக்கக்கூடியவை. விஷம் கலந்திருந்தால் அவையும் செத்திருக்கும். அன்று டீசல் இன்ஜினைக் கொண்டுவந்து தண்ணீரை இறைத்து அதே கண்மாய்க்குள் மழை மாதிரித் தெளித்த மேலத்தெரு விவசாயிகளுக்கும், மடையை உடனே அடைக்கச் சம்மதித்த ஆயக்கட்டுதாரர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். வெயில் ஏறியதும் மிச்ச மீன் தெளிந்துவிட்டது. அடுத்த கோடையில் பாசி கெட்டியாகும் முன்பே பெரிய மீன்களைப் பகுதி பகுதியாகப் பிடித்து எண்ணிக்கையைக் குறைத்துவிட வேண்டும். கண்மாய்க்குள் சாணக் குப்பை கொட்டுவதையும் மாசிக்கு மேல் நிறுத்த வேண்டும்.

கட்லா, ரோகு, மிர்கால் பிடிப்பு மொத்தத்தில் திருப்தியாகவே இருந்தது. ஆனால் அந்தத் திருப்தியைக் கண்மாயின் நலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இவை வடக்கத்தி ஆற்று மீன்கள். வெள்ளம் ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும், நம் கண்மாயில் எத்தனை வருடம் கிடந்தாலும் இனம் பெருக்காது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றி இந்தப் பெருங்கெண்டை இனத்தை முட்டையிட வைத்தார். அதன் பிறகுதான் பண்ணையில் குஞ்சு பொரித்து ஊர் ஊராக விட முடிந்தது. ஜூலை 10-ஐத் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுவது இதற்காகத்தான். நாம் விட்டதை நாமே பிடிக்கிறோம். அடுத்த வருடம் விடாவிட்டால் அது இல்லை.

விடாமலே இருந்த மீன்கள் எவை? அயிரை, ஆரல், உளுவை, குரவை, விரால், தேளி, பனையேறி, நாட்டுக் கெண்டை. நம் அப்பத்தாக்கள் குழம்பு வைத்தது இவற்றைத்தான். மூன்று நான்கு வருடமாக வலையில் வருவதை இனம் இனமாக நோட்டில் எழுதி வருகிறோம். உளுவை, குரவை, நாட்டுக் கெண்டை இன்னும் நன்றாகவே வருகின்றன. ஆரல் குறைந்திருக்கிறது. தேளியை இந்த ஆண்டு மிகச் சிலரே பார்த்திருக்கிறார்கள். வாளையும் விலாங்கும் நோட்டில் ஏறவே இல்லை. விலாங்கு கடலில் பிறந்து ஆற்றுவழியாக ஏறி வரும் மீன். வழி நெடுக அணையும் தடுப்பும் வந்த பிறகு அது இங்கே எப்படி வரும்?

அயிரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதுரைக் கடைகளில் அயிரைக் குழம்புக்கு இருக்கும் மவுசு எல்லோருக்கும் தெரியும். உயிரோடு வேண்டும் என்று கேட்டு, கெண்டையைப்போல் பல மடங்கு விலை கொடுக்கிறார்கள். பாலில் விட்டு மண் கக்க வைத்துச் சமைக்கும் அந்த மீனைப் பிடித்து விற்றுத்தான் நம் ஊர்த் தாய்மார்கள் சிலர் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஓட்டுகிறார்கள். அது வாழ்வது மணல் கலந்த அடிமண்ணில், வரத்துக்கால் வாயிலும் ஆழமில்லாத தெளிந்த ஓட்டத்திலும். அந்த மணலைத்தான் டிராக்டர் டிராக்டராக எடுத்துப் போயிருக்கிறார்கள். மணல் போன இடத்தில் களிமண் பாளம் நிற்கிறது. இரண்டு வருடமாக அங்கே அயிரைக்குக் கூடை வைத்தவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். ஒருமுறை வீட்டுக்குத் தளம் போட எடுத்த மணல், ஒரு குடும்பத்தின் வருடா வருட வருமானத்தைக் கொண்டுபோய்விட்டது. வரத்துக்கால் வாயில் இனி ஒரு சட்டி மணல்கூட எடுக்க விடக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்திருக்கிறோம். இது ஒருமனதாக நிறைவேற வேண்டும் என்பது என் ஆசை.

விராலுக்கு வேறு தொல்லை. தாயும் தகப்பனும் குஞ்சுகளைக் காவல் காக்கும். சிவப்புத் திட்டாகக் குஞ்சுக் கூட்டம் மேலே மிதந்தால் அடியில் பெரிய விரால் நிற்கிறது என்று அர்த்தம். அது தெரிந்தே அந்த இடத்தில் தூண்டில் போடுகிறார்கள். காவல் போனால் அத்தனை குஞ்சும் அன்றே மற்ற மீன்களுக்கு இரை. குஞ்சோடு நிற்கும் விராலைத் தொட வேண்டாம் என்று தூண்டில்காரத் தம்பிகளை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஜிலேபிக் கெண்டையைப் பற்றிப் பலரும் கேட்டீர்கள். 1952-இல் இந்தியாவுக்கு வந்த மீன் அது. சில மாதக் குஞ்சிலேயே இனம் பெருக்கும், முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காக்கும். இனி அதை ஒழிக்க முடியாது. ஏழைக்கு மலிவான மீன் என்பதால் ஒழிக்கவும் எனக்கு மனமில்லை. பெருத்துப்போகாமல் ஆண்டு முழுக்கப் பிடித்துக்கொண்டே இருப்பதுதான் வழி. ஜிலேபிக்கு மட்டும் குத்தகைக் காலத்திலும் ஊர்க்காரர் தூண்டில் போடலாம் என்ற பழைய ஏற்பாடு தொடர்கிறது.

வைகாசியில் மீன்பிடித் திருவிழா நன்றாக நடந்தது. மடைக்கருப்பருக்குப் பூசை போட்டு, அம்பலகாரர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாக் கூடை, கச்சா, வலையோடு ஜனம் இறங்கியது. பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் வந்தார்கள். சாதி, ஊர் பார்க்காமல் எல்லோரும் ஒரே தண்ணீரில் இறங்குகிற நாள் அது. பிடித்த மீனை விற்காமல் சொந்தபந்தத்துக்குக் கொடுத்தனுப்புவது நம் வழக்கம். இதை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. நான் கவலைப்படுவது கொசுவலையைப் பற்றி. ஊத்தாவில் பெரிய மீன்தான் அகப்படும். கொசுவலையை இரண்டு பேர் பிடித்து அரித்தால் கட்டைவிரல் அளவு விராலும் ஆரலும் மொத்தமாக வந்துவிடுகின்றன. அதில் பாதி கரையிலேயே காய்ந்து கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். அடுத்த திருவிழாவுக்குத் தமுக்கு அடிக்கும்போதும் வாட்ஸ்அப்பில் தகவல் போடும்போதும் கொசுவலைக்கு அனுமதி இல்லை என்பதைச் சேர்த்தே சொல்லப் போகிறோம். பேட்டரி வைத்து மின்சாரம் பாய்ச்சி மீன் பிடித்த வெளியூர்க்காரர்களை இரண்டு இரவுகள் விரட்டினோம். அது குற்றம், இறங்கும் ஆளுக்கும் உயிராபத்து. இனி நேரே போலீசில் புகார்தான்.

அடுத்து, இந்த அறிக்கையில் முக்கியமான சங்கதி. திருவிழா முடிந்த மறுவாரம் மீதித் தண்ணீரையும் இன்ஜின் வைத்து இறைத்து, சேற்றைத் துழாவிக் கடைசி மீன் வரை எடுக்கும் பழக்கம் கொஞ்ச காலமாக ஏற்பட்டிருக்கிறது. முன்பு உள்வாயில் ஆழமான கிடங்குகள் இருந்தன. கோடை எவ்வளவு கடுமையானாலும் அதில் ஆள் முழங்கால் தண்ணீராவது கிடக்கும். அந்தத் தண்ணீரில் தப்பிய தாய் மீன்கள்தான் அடுத்த மழையில் ஓடையை எதிர்த்து ஏறி, வயலுக்குள் போய் முட்டையிட்டு, கண்மாயை நிரப்பின. வண்டல் சேர்ந்து கிடங்குகள் மேடாகிவிட்டன. இருக்கும் ஒன்றிரண்டையும் நாம் இறைத்துவிடுகிறோம். விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிடுகிற காரியம் இது.

வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கலாம் என்று 2024-இல் அரசு எளிதாக்கியிருக்கிறது. வயலுக்கு வண்டல் கேட்டு ஏற்கெனவே பலர் மனு கொடுத்திருக்கிறீர்கள். கண்மாய் முழுக்க மேலாகச் சுரண்டாமல், மடைக்கு உள்ளே ஓர் இடத்தில், அனுமதிக்கப்பட்ட ஆழத்துக்குள், கரையை விட்டுத் தள்ளி எடுத்தால் வயலுக்கு வண்டலும் கிடைக்கும், மீனுக்குக் கிடங்கும் கிடைக்கும். மடைமட்டத்துக்குக் கீழே நிற்கும் அந்தத் தண்ணீர் பாசனத்துக்கு எப்படியும் ஏறாது. ஆகவே விவசாயிகளுக்கு இதில் நட்டமில்லை. அந்தக் கிடங்கில் ஆண்டு முழுவதும் வலையோ இன்ஜினோ இறங்கக் கூடாது. குத்தகைப் பத்திரத்திலும் இதை நிபந்தனையாக எழுத வேண்டும். குத்தகைத் தொகை கொஞ்சம் குறையலாம் என்று நிர்வாகக் குழுவில் சிலர் அஞ்சினார்கள். குறைந்தாலும் ஏற்கலாம் என்பதே என் கருத்து.

கிடங்கில் மீன் நின்றால் பறவை கொத்திவிடும் என்று ஒரு கேள்வி வந்தது. கொத்தட்டும். நாரையும் நீர்க்காகமும் எடுப்பது ஒரு பங்கு, அவ்வளவுதான். நமக்குப் பக்கத்தில் வேட்டங்குடியிலும் கொள்ளுக்குடிப்பட்டியிலும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். நாம் கொஞ்சம் மீன் விட்டுக்கொடுக்கலாம்.

மற்ற செய்திகள் சுருக்கமாக. இனப் பதிவு நோட்டைப் பள்ளிப் பிள்ளைகள் இருவர் எழுதி வருகிறார்கள். அடுத்த ஆண்டு போட்டோவும் சேர்க்க ஒரு பழைய ஸ்மார்ட்போன் தேவைப்படுகிறது. கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கலாம். கரையில் நட்ட பனைவிதைகளுக்கு ஆடு மேய்ப்பவர்கள் ஒத்துழைக்க வேண்டும். சந்தா பாக்கி உள்ளவர்கள் ஆவணிக்குள் கட்டிவிடவும். நிர்வாகக் குழுவில் வலைக்காரர் தரப்பில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அயிரை பிடிக்கும் தாய்மார்களில் ஒருவர் அந்த இடத்துக்கு வர வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

வரத்துக்கால் மணல் தடை, கொசுவலைத் தடை, கிடங்கு காப்பு ஆகிய மூன்று தீர்மானங்களையும் இப்போது தலைவர் வாசிப்பார். அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்