வயது என்பது நோயின் பெயர் அல்ல: கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கால்நடை மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் நாய் மணிக்கு 14 வயது முடிந்துவிட்டது. கண்ணில் நீலம் பூத்திருக்கிறது. வழுவழுத் தரையில் பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு திசையில் போகின்றன. சிறுநீரகம் இரண்டு வருடமாக மக்கர் செய்கிறது. ஆனால் உங்கள் மேசையில் தூக்கி நிறுத்திப் பாருங்கள். காது விறைத்து, நாலு காலும் ஊன்றி, சிப்பாய் மாதிரி நிற்பான். "நல்லாத்தானே இருக்கான்" என்பீர்கள். பயத்தில் நிற்கிறான் ஐயா. வீட்டுக்கு வந்ததும் வாசல்படி ஏற முடியாமல் என்னைத் திரும்பிப் பார்க்கிறவனும் இவன்தான்.

உங்களிடம் அவன் இருப்பது கால் மணி நேரம். மிச்சமெல்லாம் எங்களிடம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சுவரைப் பார்த்தபடி நிற்பதும், சாப்பாட்டுத் தட்டுவரை போய் மோந்துவிட்டுத் திரும்புவதும் எங்கள் கண்ணில்தான் படுகின்றன. ஆனால் அதில் எது பொருட்டு, எது பொருட்டில்லை என்று எங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மணி தண்ணீர் நிறையக் குடிக்கிறான் என்று முதலில் ஒரு மருத்துவரிடம் கூட்டிப் போனேன். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த 'அப்பாடா'வை நினைத்தால் இப்போதும் என் மேல்தான் எரிச்சல் வருகிறது. ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஏழு மாதம் கழித்து, மெலிந்து போனவனை வேறொரு மருத்துவரிடம் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "நிறையன்னா எவ்வளவு?"

எவ்வளவு என்று யார் கண்டது? காலி ஆனால் ஊற்றுவோம், அவ்வளவுதான். "நாளைக்குக் காலைல அளந்து ஊத்துங்க. மறுநாள் காலைல மிச்சத்த அளந்து கழிச்சுக்குங்க" என்றார். அளந்தேன். 18 கிலோ நாய், ஒரு நாளைக்கு 2,100 மில்லி. கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் அதைச் சும்மா தாகம் என்று விடக் கூடாது, காரணம் தேட வேண்டும் என்றார். ஒரு அளவுக் குவளை போதும் இதைக் கண்டுபிடிக்க. ஏழு மாதமாக அது எங்கள் சமையலறையிலேயே இருந்தது.

அடுத்து, காலையின் முதல் சிறுநீரைப் பிடித்து வரச் சொன்னார். நீளக் காம்புள்ள கரண்டியைப் பிடித்துக்கொண்டு, விடியலில் ஒரு நாயின் பின்னால் குனிந்தபடி நடப்பது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவது நாள்தான் கிடைத்தது. பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. நிறமே இல்லை.

அதை வைத்து அவர் விளக்கியதை நான் மறக்கவில்லை. சிறுநீரகத்தின் வேலைத்திறனில் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் சிறுநீர் இப்படி நீர்த்துப் போகும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறுவதற்கோ நான்கில் மூன்று பங்கு போக வேண்டும். போதாததற்கு, கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. கிழட்டு நாய்க்குத் தசை வற்றியிருப்பதால் அந்த எண் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். மணியின் அறிக்கையில் 1.6 என்று இருந்தது. ஆய்வகத்தின் கணக்கில் அது இயல்பு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறிகூட இல்லை. ஆனால் நாய்களின் சிறுநீரக நோயை நாலு நிலையாகப் பிரிக்கும் ஐரிஸ் வழிகாட்டியில் 1.4 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை. சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா, ரத்த அழுத்தம் எவ்வளவு என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு முடியும். மணிக்கு இரண்டுமே பார்த்தார்.

முன்பே தெரிந்திருந்தால் குணமாகியிருப்பானா? மாட்டான். சிறுநீரகத்தின் வடிகட்டிகளான நெஃப்ரான்கள் போனால் திரும்பி வராது, அது எனக்கும் தெரியும். ஆனால் மிச்சமிருப்பதைக் காக்க, பாஸ்பரஸ் குறைந்த சாப்பாட்டை ஏழு மாதம் முன்னாலேயே தொடங்கியிருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், "வயசாயிடுச்சு" என்ற வார்த்தையை நீங்கள் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அது ஒரு பேச்சு. எங்களுக்கு அது தீர்ப்பு. அதற்குப் பிறகு நாங்கள் எதையும் தேடுவதில்லை.

இதற்காக எல்லாச் சோதனையும் எழுதிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நடுங்கிக்கொண்டு வரும் கிழ நாயை எக்ஸ்ரேக்கும் ஸ்கேனுக்கும் புரட்டிப் போடுவதைப் பார்க்கிறவர்கள் நாங்கள். ஒரு சோதனையின் முடிவு எப்படி வந்தாலும் மருந்து மாறப்போவதில்லை என்றால், அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கையில் இருக்கும் பணத்தைச் சொல்ல எங்களுக்குக் கூச்சம். நீங்களே கேட்டால் சொல்லிவிடுவோம்.

சொல்லிக்கொடுத்தால் எங்களால் என்ன முடியும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மணிக்கு வாரம் மூன்று நாள் தோலுக்கடியில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்றதும் என் கை உதறியது. மருத்துவரின் உதவியாளர்தான் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். பாட்டிலைக் கைபொறுக்கும் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து, குளிர்ச்சி போக்க வேண்டும். தோள்பட்டைக்கு நடுவில் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்து, அந்தக் கூடாரத்தின் வாசலில் ஊசியை நுழைக்க வேண்டும். முதல் நாள் வீட்டில் நானே போட்டபோது எல்லாம் சரியாகத்தான் போனது, சொட்டும் வேகமாக இறங்கியது. இரண்டு நிமிடம் கழித்துத்தான் என் முழங்கால் நனைவது தெரிந்தது. ஊசி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கத் தோல் வழியாக வெளியே வந்திருந்தது. மணி முடியெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து, கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். இன்று கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஏற்றி முடித்ததும் தோளில் ஒட்டகத் திமில் மாதிரி ஒரு வீக்கம் நிற்கும். அது மெல்ல முன்னங்கால் பக்கம் சரிந்து, சில மணி நேரத்தில் வற்றிவிடும். அது சரியும் என்று அந்த உதவியாளர் முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால், அன்று ராத்திரியே உங்களில் யாரையாவது போனில் எழுப்பியிருப்பேன்.

தட்டுவரை போய்த் திரும்புவதும் அப்படித்தான். பிடிவாதம் என்றே நினைத்து மாதக்கணக்கில் கொஞ்சினோம், அதட்டினோம், கையில் வைத்து ஊட்டினோம். மோந்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினால் அது குமட்டல் என்று சொன்னதும், அதற்கொரு மாத்திரை கொடுத்ததும் மணி மறுபடி சாப்பிடத் தொடங்கினான். பாஸ்பரஸை உடலில் சேரவிடாமல் கட்டும் மருந்தைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் தர வேண்டும், வெறும் வயிற்றில் தந்து பலனில்லை என்பதும் சீட்டில் எழுதியிருக்கவில்லை. கேட்டபோதுதான் தெரிந்தது.

நாங்கள் கேட்காமலேயே நீங்கள் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. மூட்டு வலியில் அவன் முனகிய ஒரு ராத்திரி, வீட்டில் மனிதர்களுக்கு வைத்திருந்த ஐபுப்ரூஃபென் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மனிதனுக்கு ஒன்று என்றால் நாய்க்குப் பாதி என்று ஒரு கணக்கு. என்னவோ தோன்றி விடியட்டும் என்று வைத்துவிட்டேன். அது நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைச் சாய்க்கும், அதுவும் மணி நிலையில் இருக்கும் நாயை ஒரேயடியாகச் சாய்த்துவிடும் என்று மறுநாள்தான் தெரிந்துகொண்டேன். சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்த மருந்துகளும் நாய்க்கு விஷமாம். வலியோடு இருக்கிற பிராணியைப் பார்த்துக்கொண்டு யாரும் சும்மா உட்கார மாட்டார்கள், கைக்கு எது கிடைக்கிறதோ அதைத் தருவார்கள். ஆகவே கிழ நாயைக் கூட்டி வருகிற ஒவ்வொருவரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "வீட்டு மாத்திரை எதுவும் குடுக்காதீங்க" என்று ஒரு வரி சொல்லி அனுப்புங்கள்.

போன வருடம் ஒரு காலையில் மணி எழுந்து நின்றான், அப்படியே வட்டமடித்து விழுந்தான். தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. வாந்தி. பார்த்தவர்கள் எல்லோரும் பக்கவாதம் என்றார்கள், இனி எதற்கு அவனைப் போட்டு வதைக்கிறீர்கள் என்றார்கள். நானும் கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துவிட்டேன். போனில் மருத்துவர் நிதானமாகக் கேட்டார்: "கண்ணு ரெண்டும் ஒரு பக்கமா வெட்டி வெட்டி ஆடுதா, பாருங்க." ஆடியது. நேரில் பார்த்துவிட்டு, இது மூளையில் இல்லை, காதின் உள்ளே சமநிலையைக் காக்கும் உறுப்பில் வந்த கோளாறு, கிழ நாய்களுக்குத் திடீரென்று வரும், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்றார். "மூணு நாள் பொறுங்க. முடிவு எதுவும் இன்னிக்கு எடுக்காதீங்க." துண்டைச் சுருட்டித் தலைக்கு இரண்டு பக்கமும் அண்டக் கொடுத்து, தண்ணீரைக் கரண்டியில் எடுத்து வாயோரம் காட்டினோம். மூன்றாம் நாள் சாயங்காலம் தள்ளாடித் தள்ளாடி வாசல்வரை போனான். தலைச் சாய்வு மட்டும் கொஞ்சம் தங்கிவிட்டது. எப்போதும் எதையோ கேட்டுக்கொண்டே இருக்கிற மாதிரி ஒரு தோரணை. பொறுங்கள் என்ற அந்த ஒரு சொல் இல்லையென்றால் அன்றைக்கே அவனை இழந்திருப்போம்.

ராணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு முன் எங்களோடு இருந்தவள். இதய வால்வு ஒழுகல். மாத்திரை தந்தார்கள், அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். தூங்கும்போது அவள் மூச்சை எண்ண வேண்டும், நிமிடத்துக்கு 30ஐத் தாண்டத் தொடங்கினால் உடனே கூப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நுரையீரலில் நீர் கோத்து, கழுத்தை நீட்டிக்கொண்டு அவள் மூச்சுக்குத் திணறிய ராத்திரியில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்தது. மருத்துவமனைக்குப் போய், பழக்கமில்லாத வெளிச்சத்தில், ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஊசி போட்டார்கள். அவள் போன பிறகும் கண் திறந்தே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது. உயிரோடுதான் இருக்கிறாள் என்று நான் போட்ட சத்தம் எனக்கே இன்னும் கேட்கிறது. கண் மூடாது, கடைசியில் ஒரு மூச்சு அப்படி வரலாம், உடல் தளர்ந்து சிறுநீர் போகலாம், அதற்கும் வலிக்கும் சம்பந்தமில்லை என்று முன்பே இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம்.

நம் மொழியில் அதற்குக் கருணைக்கொலை என்றுதான் பெயர். முன்னால் கருணை இருந்தாலும் பின்னால் இருக்கும் சொல்தான் காதில் விழுகிறது. அதனாலேயே நீங்களும் பேச்சை எடுப்பதில்லை, நாங்களும் எடுப்பதில்லை. கடைசி ராத்திரிவரை தள்ளிப்போகிறது. நல்ல நாளிலேயே பேசுங்கள். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடை மருத்துவர் 2004இல் ஒரு அளவுகோலைத் தந்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண். கூட்டினால் 35க்கு மேல் இருக்கும்வரை ஓட்டலாம் என்பது கணக்கு. எண்ணைப் பார்த்து ஒரு உயிரை முடிக்க முடியுமா என்று எனக்கும் முதலில் கோபம் வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து மதிப்பெண் போடும்போது, நான் ஏமாற்றிக்கொள்ளும் இடம் எனக்கே தெரிகிறது. 'சுத்தம்' என்ற வரியில் போன மாதம் எட்டு, இந்த வாரம் ஐந்து. மணி படுத்த இடத்திலேயே நனைத்துவிடுகிறான். எழுந்து போக முடியாத வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், அல்லது நான் அப்படி நினைத்துக்கொள்கிறேன். மொத்தம் 46. இன்னும் இடம் இருக்கிறது.

அடுத்த முறை நாங்கள் வரும்போது மேசை வேண்டாம். தரையில் வழுக்காத விரிப்பு ஒன்று போட்டு வையுங்கள். அவன் அதன் மேல் நாலு எட்டு நடப்பதைப் பாருங்கள். வீட்டில் படியேற முடியாமல் நிற்பதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன், அரை நிமிடம்தான். தண்ணீர்க் கணக்கும் மூச்சுக் கணக்கும் எழுதிய நோட்டு என் பையில் இருக்கும்.

இப்படிக்கு,
மணியின் வீட்டார்