எடைக்குப் போகும் கணினிகள் பிளஸ் ஒன் மாணவர் வீட்டுக்குப் போகட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று 2025-26ஆம் ஆண்டுத் தமிழக நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டபோது மனமார மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணினிப் பயிற்றுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த மகிழ்ச்சியோடு ஒரு கவலையையும் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன். கல்லூரியை எட்டிவிட்ட பிள்ளைக்குக் கணினி கிடைக்கிறது. அந்தக் கல்லூரியை எட்ட வேண்டுமே என்று பிளஸ் ஒன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஏழைப் பிள்ளைக்கு வீட்டில் எதுவும் இல்லை. அதே வேளையில் நெல்லைச் சீமையின் அலுவலகங்களிலும் வங்கிகளிலும் கல்லூரிகளிலும் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய கணினிகள் கழிவு செய்யப்பட்டு, பழைய இரும்போடு இரும்பாக எடைக்குப் போகின்றன.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் டூ படித்தவர்கள் பயன் பெற்றார்கள். அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேருந்து ஏறிய பிள்ளைகளின் முகங்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. சில ஆண்டுகளில் பொதுத்தேர்வு முடிந்த பிறகே கணினி வந்து சேர்ந்தது, ஆனாலும் வந்தது. கொரோனா காலத்தையொட்டி அது நின்றுபோன பின்னர், பள்ளியில் படிப்பவர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல அதற்கு ஈடான ஒன்று அமையவில்லை. பள்ளிகளில் ஹைடெக் லேப் எனப்படும் கணினி ஆய்வகம் வந்திருப்பது நல்ல காரியம்தான். ஆனால் மாலையில் மணி அடித்ததும் அதைப் பூட்டிவிடுகிறோம்.

வீட்டில் கணினி இல்லாததால் படிப்பில் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்காக, நான் கற்பித்த மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முக்கூடல் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த பிள்ளை. தாயார் பீடி சுற்றுகிறவர். காலையில் சொளவை மடியில் வைத்தால் ஆயிரம் பீடி தேறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தகப்பனார் கட்டட வேலைக்குப் போகிறவர்; வீட்டுக்கென்று இருந்த ஒரே கைப்பேசியும் அவரோடு போய்விடும். பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்தில், கணினிக்கான கட்டளைகளை நிரலாக எழுதும் பைத்தான் மொழி இருக்கிறது. அந்த மொழியில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டு. ஒரு நிபந்தனைக்குக் கீழ் வரும் கட்டளைகளை உள்ளே தள்ளி அடிக்காவிட்டால் நிரல் ஓடாது. அந்தப் பிள்ளை எல்லா நிரல்களையும் முத்து முத்தான கையெழுத்தில் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்திருந்தாள். நோட்டில் அந்த இடைவெளி வெறும் ஓரமாகத்தான் தெரியும். ஆய்வகத்தில் தன் முறை வந்தபோது அவள் எல்லா வரிகளையும் ஓரத்தோடு ஒட்டியே அடித்தாள். திரை பிழை என்றது. எழுத்து ஒன்றுகூடத் தவறவில்லையே என்று நோட்டையும் திரையையும் அவள் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாடவேளை முடிந்துவிட்டது. அவளுக்கு அடுத்த வாய்ப்பு மறு வாரம். வீட்டில் கணினி உள்ள ஒரு மாணவன் அதே பிழையை ஒரே மாலையில் பத்து முறை செய்து, பதினோராம் முறை தானாகவே திருத்தியிருப்பான். அவனைவிட அவளுக்கு அறிவு குறைவு என்று மதிப்பெண் பட்டியல் சொல்லக்கூடும். அது உண்மை அன்று என்பதற்கு நான் சாட்சி.

ஒதுக்கிப் போடப்பட்ட கணினி ஒன்றைத் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டு வாங்கிச் சரிசெய்து அவள் வீட்டில் வைத்தோம். சில வாரங்களில் தன் பிழைகளைத் தானே கண்டுபிடிக்கத் தொடங்கினாள் என்பது நான் எதிர்பார்த்ததுதான். நான் எதிர்பாராதது வேறொன்று. எத்தனை கட்டு இலை வாங்கியது, எத்தனை ஆயிரம் பீடி கொடுத்தது, கைக்கு எவ்வளவு வந்தது என்று தாயாரின் பீடிக் கணக்கை அவள் அட்டவணையாகப் போட்டு வைத்திருந்தாள். அதைத் திரையில் பார்த்த அந்த அம்மாளின் முகத்தை மறக்க முடியவில்லை.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை, அதாவது பாதுகாப்புத் திருத்தங்களை இலவசமாக அனுப்பிவந்ததை, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டையும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியையும் கேட்கிறது. எனவே 2017க்கு முன்பு வாங்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை, எந்தப் பழுதும் இல்லாமலேயே, அலுவலகங்களுக்கு ஆகாதவையாகிவிட்டன. ஆனால் அதே கணினியில் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான சேமிப்புக் கருவியான எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, ரேம் என்னும் நினைவகத்தை 8 ஜி.பி. அளவுக்கு உயர்த்தி, உபுண்டு போன்ற ஓர் இலவச லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினால், மேல்நிலை வகுப்புகளின் கணினி அறிவியல் செய்முறைப் பாடத்தை அதில் செய்யலாம். நம் பாடநூலே உபுண்டுவையும், ஆவணமும் அட்டவணையும் தயாரிக்க உதவும் ஓப்பன் ஆபீஸையும் கற்பிக்கிறது. இணைய இணைப்பு இல்லாத வீட்டிலும் பைத்தான் ஓடும். பாடநூல்களையும் தமிழ் விக்கிப்பீடியாவையும் முன்கூட்டியே அதில் ஏற்றிக் கொடுத்துவிடலாம். மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்து, தேதி மாறிப்போய், அதனால் இணையப் பக்கங்கள் திறக்கவில்லை என்பதற்காக ‘பழுது’ என்று எழுதி ஒட்டி மூலையில் தள்ளிய கணினிகளையும் என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

அலுவலகத் தலைவர்களிடம் கேட்டால், கொடுக்க மனம் இருக்கிறது, தணிக்கைத் தடை வரும் என்று அஞ்சுகிறோம் என்கிறார்கள். இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருளைக் கழிவு செய்து ஏலம் விடுவதற்கு வழி தெரிகிறது, பக்கத்துப் பள்ளிக்குக் கொடுப்பதற்கு வழி தெரியவில்லை என்பதே அவர்கள் சொல்வதன் சாரம். இந்த அச்சத்தை ஓர் ஆணையால் நீக்க முடியும். அலுவலகங்களில் கழிவு செய்யும் கணினிகளை ஏலத்துக்கு விடுமுன் பள்ளிக்கல்வித் துறையிடம் ஒருமுறை கேட்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர் நெறிமுறை வகுக்க வேண்டும்; அதற்கு அரசாணை தேவையென்றால் அரசு அதை வெளியிட வேண்டும். மேலும், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பெரிய நிறுவனங்களும் அலுவலகங்களும் தங்கள் மின்னணுக் கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர் அல்லது மறுசுழற்சி செய்பவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். செம்புக்காகக் கம்பியை எரிக்கும் கொட்டகைக்குக் கணினி போவது சட்டப்படியும் தவறு.

கொடுப்பவர்களிடம் ஒன்றைக் கூச்சமின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், எங்கள் பள்ளிக்குப் பன்னிரண்டு கணினிகளைச் சால்வையும் புகைப்படமுமாக வழங்கியது. அவற்றில் எட்டு உயிர்க்கவே இல்லை. அவற்றை அப்புறப்படுத்தும் செலவும் பள்ளியின் தலையில் விழுந்தது. இயங்குகிறதா என்று சோதித்த பிறகே பெற்றுக்கொள்வோம் என்று சொல்லும் உரிமை பெறுகிறவருக்கும் வேண்டும். அதுபோலவே, தங்கள் கோப்புகள் வெளியே போய்விடுமோ என்று கொடுப்பவர் தயங்குவதும் நியாயமே. பழைய ஹார்டு டிஸ்கை அலுவலகமே கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

சரிசெய்வதற்கு ஆள் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. பேட்டையில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. திருநெல்வேலியிலேயே அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குக் கழற்றி மாட்டிப் பழக உண்மையான கணினிகள் கிடைக்கும், பள்ளிப் பிள்ளைக்குப் படிக்கக் கணினி கிடைக்கும். செங்கோட்டை தாண்டினால் வரும் கேரளத்தில் 2001 முதல் அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வியைத் திட்டமிட்டு வளர்த்து, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளையே அதன் அடிப்படையாக வைத்துக்கொண்டார்கள். 2018இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களே கணினிக் கருவிகளைப் பற்றியும் கற்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் அது கைவரும்.

கணினியைச் சொந்தமாகக் கொடுத்துவிடாமல், நூலகப் புத்தகத்தைப் போல இரண்டாண்டுகளுக்கு இரவலாகக் கொடுப்பதே சரி என்பது என் கருத்து. பிளஸ் ஒன் சேர்ந்த அன்று பெற்று, பிளஸ் டூ செய்முறைத் தேர்வு முடிந்ததும் திருப்பித் தந்தால், அடுத்த பிள்ளைக்கு அது போகும். பழுதானால் பள்ளியே மாற்றித் தரும். 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் தாமிரவருணி ஊருக்குள் புகுந்தபோது பாடநூல்களையும் சான்றிதழ்களையும் பறிகொடுத்த வீடுகளை நினைத்தால், இந்தப் பொறுப்பு குடும்பத்தின் மேல் விழக்கூடாது என்பது விளங்கும். யாருக்கு முதலில் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழு முடிவு செய்யலாம். பெற்றோர்களே அதில் பெரும்பான்மையாக இருப்பதால் எந்த வீட்டில் என்ன நிலை என்பது அவர்களுக்குத் தெரியும்.

பாளையங்கோட்டையில் நூறாண்டு கடந்து நடக்கும் பார்வையற்றோர் பள்ளி மாணவர்களை இதில் தனியாகக் கருத வேண்டும். திரையில் உள்ளதைத் தமிழில் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்னும் இலவச மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்குவது. லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் ஓர்க்கா என்னும் மென்பொருள் இருந்தாலும், என்.வி.டி.ஏ.வில் பழகியவர்களை மாற்றச் சொல்வது முறையன்று. ஆகவே வந்து சேரும் கணினிகளில் விண்டோஸ் 11 ஏற்கக்கூடியவற்றை முதலில் அவர்களுக்கென்று ஒதுக்க வேண்டும்.

‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்று 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ஏற்பாட்டின் வழியாக முன்னாள் மாணவர்கள் பலர் தம் பள்ளிகளுக்கு உதவி வருகிறார்கள். எஸ்.எஸ்.டி., ரேம் ஆகியவற்றுக்கான செலவை அவர்களிடம் கேட்கலாம். ஜூன் மாதம் பிளஸ் ஒன் வகுப்புகள் தொடங்குமுன் மாவட்ட நிர்வாகம் ஒரே ஒரு ஒன்றியத்தில், பாப்பாக்குடி ஒன்றியத்திலேயேகூட, இதைத் தொடங்கிப் பார்க்கட்டும். சனிக்கிழமைதோறும் கருவிப் பெட்டியோடு வந்து வேலை செய்ய நான் தயாராக இருக்கிறேன். என்னைப் போல ஓய்வு பெற்ற பயிற்றுநர்கள் மேலும் மூவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணினிப் பயிற்றுநர்,
வீரவநல்லூர், திருநெல்வேலி மாவட்டம்.